இரவு 11.15-க்கு அமுக்கிய ரிப்போர்ட் பட்டன்

போன வாரம் ஒரு சாட் செயலியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. "உங்கள் புகார் அனுபவம் எப்படி இருந்தது?" கீழே ஐந்து காலி நட்சத்திரம். அதற்கும் கீழே கருத்து எழுத ஒரு பெட்டி, 200 எழுத்தைத் தாண்டக் கூடாது. தமிழில் 'கி' என்று ஓர் எழுத்து அடித்தால் அது இரண்டாக எண்ணிக்கொள்கிறது, 'கு' அடித்தாலும் அப்படித்தான். ஆக எனக்குக் கிடைத்தது நூற்றுச் சொச்சம். அதற்குள் என்னத்தைச் சொல்வது? நட்சத்திரத்தைக் காலியாக விட்டுவிட்டு இங்கே வந்து எழுதுகிறேன்.

விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள் ரிப்போர்ட் பட்டன். யாருடைய செய்தியையாவது அழுத்திப் பிடித்தால் ஒரு பட்டியல் வருமே, பதில், காப்பி என்று, அதில் எல்லாவற்றுக்கும் அடியில் சிவப்பு எழுத்தில் ஒன்று நிற்குமே, அதுதான். செயலியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் பேச்சு 'அந்த ஆப் மோசம், இந்த ஆப் தேவலை' என்று போய்விடும். நாலைந்து செயலிகளில் நான் இதை அமுக்கியிருக்கிறேன். பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை.

இதைச் சொல்ல நீ யார் என்று கேட்கலாம். கட்டைகளை அடுக்கி ஊர் கட்டும் ஒரு விளையாட்டு. அதை விளையாடும் தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று ஒரு சாட் சர்வர், அதாவது எல்லாரும் கூடிப் பேசும் அரட்டை அறை, கிட்டத்தட்ட 1,400 பேர். மூன்று வருடமாக அதில் நான் மாடரேட்டர், பேச்சு எல்லை மீறாமல் பார்த்துக்கொள்பவள். அக்கா மகன் என்னை உள்ளே இழுத்துவிட்டு ஆறே மாதத்தில் வேறு விளையாட்டுக்குப் போய்விட்டான், நான் மாட்டிக்கொண்டேன். பிள்ளைகள் 'மாட் அக்கா' என்பார்கள். யாரையாவது ஒரு நாள் மியூட் செய்தால் அன்றைக்கு 'மாடு அக்கா'. சம்பளம் கிடையாது. இதற்கு முன் 11 வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியவள். கடைசி பெஞ்ச் சிரிப்பில் எது சும்மா, எது விவகாரம் என்று காது ஓரளவு பழகியிருக்கிறது.

சரி, பட்டனுக்கு வருவோம்.

அமுக்கியதும் 'என்ன பிரச்சினை?' என்று கேட்கும். ஸ்பேம், தொந்தரவு, ஆபாசம், வேறு. வன்முறைத் தீவிரவாதம் என்ற தலைப்பு முதல் திரையில் இல்லை. 'தொந்தரவு'க்குள் நுழைந்து, 'வெறுப்புப் பேச்சு'க்குள் நுழைந்து, மூன்றாவது படியில் அது உட்கார்ந்திருக்கிறது. எனக்கே இரண்டு முறை வழி தவறியிருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் நேராக நன்றித் திரை. விவரம் எழுத இடமில்லை, படம் சேர்க்க இடமில்லை. நீங்கள் அழுத்திப் பிடித்த அந்த ஒரே ஒரு செய்தி மட்டும் எங்கேயோ கிளம்பிப் போகிறது. என் புகாரெல்லாம் இந்த 'ஒரே ஒரு' பற்றித்தான். நடந்ததைச் சொன்னால் விளங்கும்.

எங்கள் சர்வரில் ஒரு பையன். பெயர் வேண்டாம், தண்டவாளம் என்று வைத்துக்கொள்வோம், ஏனென்றால் அவன் கட்டுவதெல்லாம் ரயில் நிலையம். வயது 14 என்பான், 13 ஆகவும் இருக்கலாம். டிக்கெட் கவுன்டர், அதற்குள் மின்விசிறி, நடைமேடைக் கடிகாரம், தண்ணீர்க் குழாய்க்கு அடியில் மட்டும் பாசி பிடித்த கல். அந்தப் பாசிக் கல்லைப் பார்த்த அன்றே இவன் கவனிக்கிற பிள்ளை என்று எனக்குப் பிடித்துப்போனது.

ஒரு நாள் புதிதாக ஒருவர் வந்தார். எல்லாரிடமும் மரியாதை. 'சூப்பர் தம்பி', 'செம பில்ட்', 'கூரைக்கு வேற கல் ட்ரை பண்ணிப் பாரு.' தண்டவாளத்துக்கு மட்டும், காசு கொடுத்து வாங்க வேண்டிய ஒரு கட்டைத் தொகுப்பைப் பரிசாகக் கொடுத்தார். நானே சந்தோஷப்பட்டேன், வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன்.

மூன்று வாரத்தில் பையனின் பேச்சு மாறியது. ஜோக் என்ற பெயரில் படங்கள் போட ஆரம்பித்தான். நீக்கினால், 'அக்காவுக்கு ஹியூமரே புரியாது.' பிறகு அவனுடைய ரயில் நிலையத்தில், காத்திருப்போர் அறைக் கதவுக்கு மேலே ஒரு பலகை முளைத்தது: 'இவனுங்களுக்கு உள்ள இடம் இல்ல.' எவனுங்களுக்கு என்று எழுதவில்லை. எழுதத் தேவையில்லாத அளவுக்கு அவர்கள் இருவரும் எங்கோ பேசி முடித்திருக்கிறார்கள் என்பது எனக்கு உறைக்க ஒரு வாரம் ஆனது.

அப்புறம் ஒரு ராத்திரி லிங்க் ஒன்று போட்டான். 'அக்கா இத வந்து பாருங்க.'

போனேன். அது வேறொரு விளையாட்டுத் தளம், அதற்குள் ஒரு மேப், அதாவது யாரோ கட்டிவைத்த விளையாட்டுக் களம். ஒரு தொழுகைக்கூடம். பச்சைக் கம்பளம், வரிசையாகத் தூண்கள். வாசலில் செருப்பு வைக்கும் அடுக்கு. அதில் குட்டிக் குட்டியாக ஜோடி ஜோடியாகச் செருப்புகள். இரண்டு மூன்று கீழே கவிழ்ந்து கிடந்தன, நேரமாகிவிட்டதென்று யாரோ அவசரமாகக் கழற்றிவிட்டு உள்ளே ஓடிய மாதிரி. வாசலைத் தாண்டியதும் என் கையில் தானாக ஒரு துப்பாக்கி வந்தது. திரையின் மேல் மூலையில் 0/51.

அந்த 51 எனக்குத் தெரியும். 2019 மார்ச் 15 அன்று நியூஸிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரத்தில் இரண்டு பள்ளிவாசல்களில் கொல்லப்பட்டவர்கள் அத்தனை பேர். கொன்றவன் தலையில் கேமராவைக் கட்டிக்கொண்டு அதை ஃபேஸ்புக்கில் நேரலையாக ஓட்டினான், பார்ப்பவர்களுக்குத் துப்பாக்கி விளையாட்டுத் திரை மாதிரியே தெரியும்படி. அந்தக் காட்சியை விளையாட்டுத் தளங்களில் நீக்க நீக்கத் திரும்பக் கட்டுகிறார்கள் என்று படித்திருக்கிறேன். படிப்பது வேறு, அந்த வாசலில் போய் நிற்பது வேறு. வெளியே வந்து ஸ்கிரீன்ஷாட்டுகளைச் சரிபார்த்துவிட்டு மணி பார்த்தேன், 11.15.

பட்டன் மேல் விரலை வைத்தபோதுதான் தயங்கினேன். எதை அமுக்குவது? மேப் இருப்பது ஒரு நிறுவனத்தில். பையனும் அந்த ஆளும் தனியாகப் பேசிக்கொண்டது சாட் செயலியில், அது எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. அவர்கள் பார்த்த வீடியோக்கள் மூன்றாவது ஓர் இடத்தில். சர்வரில் என் கண்ணுக்கு எட்டிய ஒரே சாட்சி 'அக்கா இத வந்து பாருங்க' என்ற வரி. அதை ரிப்போர்ட் செய்தால் மாட்டப்போவது பையன். அந்த ஆள் எங்கள் சர்வரில் எழுதியதையெல்லாம் தேடி எடுத்தேன். 'சூப்பர் தம்பி' 17 முறை, மற்றதும் அதே மாதிரி பாராட்டு. அவ்வளவுதான். துடைத்துவைத்த மாதிரி இருந்தது.

மேப்பை அந்த விளையாட்டுத் தளத்திலேயே ரிப்போர்ட் செய்தேன். விடிவதற்குள் போய்விட்டது. அதற்கு முழு மதிப்பெண். மறுநாள் சாயங்காலம் வேறு பெயரில், கம்பளம் மட்டும் நீலமாக மாறித் திரும்ப வந்து நின்றது. அந்த ஆளின் கணக்கைச் சாட் செயலியில் ரிப்போர்ட் செய்தேன், கையில் இருந்த 'செம பில்ட்' ஒன்றை அழுத்திப் பிடித்து. நாலே நிமிடத்தில் நன்றி மடல். இரண்டு நாள் கழித்து இன்னொரு மடல்: எங்கள் விதிகளை மீறியதாகத் தெரியவில்லை. அவர்களையும் என்ன சொல்வது, 'செம பில்ட்' எந்த விதியை மீறும்?

மேப் ஏன் அவ்வளவு சுலபமாகத் திரும்பி வந்தது என்பதற்கும் காரணம் இருக்கிறது. 2017-இல் ஃபேஸ்புக், மைக்ரோசாஃப்ட், ட்விட்டர், யூடியூப் நான்கும் சேர்ந்து ஒரு கூட்டமைப்பைத் தொடங்கின. பயங்கரவாதப் படம், வீடியோ ஒவ்வொன்றுக்கும் கைரேகை மாதிரி ஓர் எண்ணை எடுத்து, அந்த எண்களைப் பொதுவில் வைத்துக்கொள்கிறார்கள். ஒரு தளத்தில் பிடிபட்ட வீடியோவை அடுத்த தளத்தில் ஏற்றினால் அந்த எண்ணை வைத்து அடையாளம் கண்டுவிடலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் கட்டை கட்டையாக அடுக்கிய கட்டடத்துக்குக் கைரேகை எது? நாலு தூணைத் தள்ளி வைத்துக் கம்பளத்தின் நிறத்தை மாற்றினால் அது வேறு கட்டடம். மனிதக் கண்ணுக்கு ஒரு நொடியில் தெரிவது அந்த எண்ணுக்குத் தெரியாது.

நிறுவனம் கைவிரித்தால் அரசாங்கம் இருக்கிறதே என்று நினைத்தேன். தீவிரவாத உள்ளடக்கத்தைப் பொதுமக்கள் தெரிவிப்பதற்கென்றே இணையப் படிவம் வைத்திருக்கும் அரசுகள் உண்டு. அப்படி ஒன்றைத் திறந்தேன். இந்த விமர்சனத்தின் இரண்டாவது பொருள் அது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

'எங்கே பார்த்தீர்கள்?' இணையதளம், சமூக ஊடகம், மின்னஞ்சல், மற்றவை. கோடிக்கணக்கான பிள்ளைகள் புழங்கும் விளையாட்டுகள் அங்கே 'மற்றவை'. அடுத்தது இணைய முகவரி, கட்டாயம் நிரப்ப வேண்டும். மேப்புக்கு முகவரி கிடையாது, செயலிக்குள் போட்டு நுழைய ஓர் ஆறெழுத்துக் குறியீடுதான் உண்டு. அதைப் போட்டால் 'சரியான முகவரி அல்ல' என்று சிவப்பில் திட்டியது. கடைசியில் அந்த நிறுவனத்தின் முகப்புப் பக்கத்தைப் போட்டேன். ஒரு வீட்டில் திருட்டுப் போனதற்கு ஊர்ப் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்த மாதிரி.

அதற்கடுத்து 'சம்பந்தப்பட்டவர் பற்றித் தெரிந்த விவரம்.' இந்தப் பெட்டியின் முன்னால் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். சிங்கப்பூரில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை 2023 பிப்ரவரியில் வெளியிட்ட ஒரு சம்பவம் ஞாபகத்துக்கு வந்தது. 16 வயதுப் பையன் ஒருவன் ரோப்லாக்ஸ் என்ற விளையாட்டுத் தளத்தில் ஐஎஸ் பயங்கரவாத அமைப்பின் பெயரில் நடந்த விளையாட்டுச் சர்வர்களில் சேர்ந்து, விளையாட்டுக்குள் இருந்த 'தலைவர்' ஒருவரிடம் விசுவாசப் பிரமாணமே எடுத்துக்கொண்டான். விளையாட்டுக் காட்சிகளை வெட்டி ஒட்டிப் பிரசார வீடியோவும் செய்தான். அவன்மேல் கட்டுப்பாட்டு உத்தரவு வந்தது. இதை இரண்டு விதமாகவும் படிக்கலாம். விளையாட்டுத்தானே என்று விட்டால் எதில் போய் முடியும் என்று ஒன்று. 16 வயதில் ஒரு பிள்ளை அரசாங்கக் கோப்பில் ஏறிவிடுகிறான் என்று இன்னொன்று. அங்கே உத்தரவோடு சேர்த்து நல்வழிப்படுத்தும் ஆலோசனையும் உண்டு. என் படிவம் போய்ச் சேரும் இடத்தில் என்ன உண்டு என்று படிவத்தில் எங்கும் எழுதவில்லை. பையனின் பெயர் இல்லாமல், அந்த ஆளின் கணக்குப் பெயரை மட்டும் போட்டு அனுப்பினேன். நன்றித் திரை வந்தது. குறிப்பு எண் கிடையாது. பின்னால் கேட்க வேண்டுமென்றால் எதைச் சொல்லிக் கேட்பது?

அரசுகள் விளையாட்டுகளைப் பார்ப்பதே இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ரொம்ப நாளாகவே பார்க்கிறார்கள். அமெரிக்க உளவுத்துறையின் ரகசியங்களை அம்பலப்படுத்திய ஸ்னோடன் வெளிக்கொண்டுவந்த ஆவணங்களிலிருந்து 2013 டிசம்பரில் செய்தி வந்தது. அமெரிக்காவின் என்.எஸ்.ஏ., பிரிட்டனின் ஜி.சி.எச்.கியூ. என்ற உளவு அமைப்புகள் இரண்டும் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட், செகண்ட் லைஃப், எக்ஸ்பாக்ஸ் லைவ் என்று இணைய விளையாட்டு உலகங்கள் எல்லாவற்றிலும் கண் வைத்திருந்தன. செகண்ட் லைஃபுக்குள் வெவ்வேறு துறைகளின் உளவாளிகள் அத்தனை பேர் வேடம் போட்டுத் திரிந்ததில், ஒருவர் வேலையில் ஒருவர் முட்டிக்கொள்ளாமல் இருக்கத் தனியாக ஓர் ஒருங்கிணைப்புக் குழு தேவைப்பட்டதாம். நாடகக் கொட்டகையில் பார்வையாளர் பூராவும் மஃப்டி போலீஸ் என்றால் எப்படி இருக்கும்! இதனால் ஒரு பயங்கரவாதியாவது சிக்கியதாக அந்த ஆவணங்களில் இல்லை. திருட்டுக் கடன் அட்டை விவரம் விற்ற ஒரு கும்பல் சிக்கியது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்போது அந்த அளவுக்குக் கூத்து இல்லை என்றாலும் திட்டம் என்று ஒன்று இல்லாத குறை இருந்தது. அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் 2024 தொடக்கத்தில் ஓர் அறிக்கை கொடுத்தது. எஃப்.பி.ஐ.யும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையும் சமூக ஊடக, விளையாட்டு நிறுவனங்களோடு தகவல் பரிமாறிக்கொள்கின்றன, ஆனால் எதற்காக, எதை எட்டுவதற்காக என்ற இலக்கும் உத்தியும் வகுத்துக்கொள்ளவில்லை என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். என் படிவமும் அப்படி இலக்கில்லாத ஏதோ ஒரு குழாயில்தான் ஓடிக்கொண்டிருக்கும் என்று தோன்றியது.

ஐரோப்பாவில் வேறு வழி. 2022 ஜூன் முதல் அமலில் இருக்கும் விதிப்படி, ஒரு நாட்டின் அதிகாரி பயங்கரவாத உள்ளடக்கம் என்று நீக்க ஆணை அனுப்பினால் ஒரு மணி நேரத்துக்குள் அது போயாக வேண்டும். ஒரு மணி நேரம் என்பது வேகம்தான். ஆனால் கடிகாரம் ஓடத் தொடங்குவது ஆணை வந்த பிறகு. ஆணை வருவதற்கு முன் யாராவது பார்த்திருக்க வேண்டும், பார்த்ததைச் சொல்ல ஒழுங்கான வழி இருக்க வேண்டும்.

பார்ப்பது ஏன் அவ்வளவு கஷ்டம் என்றால் பஃபலோவைச் சொல்ல வேண்டும். 2022 மே 14, நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரத்துச் சூப்பர் மார்க்கெட் ஒன்றில் கறுப்பினத்தவர் 10 பேரை ஒருவன் சுட்டுக் கொன்றான். மாதக்கணக்கில் அவன் தன் திட்டத்தை டிஸ்கார்ட் என்ற சாட் செயலியில் ஒரு தனி சர்வரில் நாட்குறிப்பு மாதிரி எழுதிவந்திருக்கிறான். அந்த அறையில் அவனைத் தவிர ஆளில்லை. தாக்குதலுக்கு அரை மணி நேரம் முன்னால் சிலருக்கு அழைப்பு அனுப்பினான், 15 பேர் உள்ளே போய்ப் பார்த்தார்கள். ட்விட்ச் தளம் அவனுடைய நேரலையை வன்முறை தொடங்கி இரண்டு நிமிடத்துக்குள் துண்டித்தது. வேகத்தில் குறை சொல்ல முடியாது. ஆனாலும் அதற்குள் யாரோ பதிவு செய்த நகல் ஊரெல்லாம் சுற்றியது. ஆள் இல்லாத அறையில் ரிப்போர்ட் பட்டன் இருந்து என்ன, இல்லாமல் என்ன.

சரி, அறையில் ஆள் இருக்கும்போதாவது பட்டன் ஒழுங்காக இருக்கலாமே. ஒழுங்கான பட்டன் எப்படி இருக்கும் என்பதற்கு உதாரணம் இல்லாமல் இல்லை. எக்ஸ்பாக்ஸ் 2023-இல் குரல் பேச்சுக்கு ஒன்று கொண்டுவந்தது. யாராவது தப்பாகப் பேசினால், கடைசி 60 விநாடியை நாமே பதிவாகப் பிடித்து வைத்துக்கொள்ளலாம், ஆட்டம் முடிந்த பிறகு நிதானமாகப் புகார் எழுதலாம். வேண்டாமென்றால் அது தானே அழிந்துவிடும். எது போகிறது, யார் அனுப்புவது என்று நம் கையில் இருக்கிறது. மைன்கிராஃப்ட் விளையாட்டு 2022 ஜூலையில் சாட் புகார் வசதியைச் சேர்த்தபோது பெரிய கலவரமே நடந்தது, எங்கள் தனி சர்வருக்குள் கம்பெனி ஏன் மூக்கை நுழைக்கிறது என்று. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு நல்ல விஷயமும் உண்டு. நீங்கள் தேர்ந்தெடுத்த வரிகளோடு, அதைச் சுற்றி நடந்த பேச்சும் கொஞ்சம் சேர்ந்து போகும். ஒவ்வொரு வரியிலும் எழுதியவரின் டிஜிட்டல் கையொப்பம் இருப்பதால் நடுவில் யாரும் மாற்றி எழுத முடியாது. ஒற்றை வரியைவிட எவ்வளவோ மேல்.

தானியங்கி வடிகட்டியைப் பற்றியும் ரெண்டு வார்த்தை சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. எங்கள் சர்வரில் ஒன்று போட்டிருக்கிறோம். கெட்ட வார்த்தைப் பட்டியலோடு ஆயத்தமாக வந்தது, தமிழுக்கென்று நான் ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து சேர்த்தேன். முதல் நாளே 40 பேரைத் தடுத்துவிட்டது. 'குண்டு பல்பு எங்க வைக்கட்டும்?', தடை. 'உன் டிசைன அப்படியே சுட்டுட்டேன்டா', தடை. 'இந்த ஆட்டத்துல அவன தூக்கிடலாம்', தடை. நம் மொழியில் குண்டு என்றால் வெடிப்பதும் உண்டு, பருமனும் உண்டு, கோலியும் உண்டு. சுட்டதற்கும் அப்படியே. சண்டை விளையாட்டில் பாதி வார்த்தை கொலைக்குற்றம்தான். 'இவனுங்களுக்கு உள்ள இடம் இல்ல' மட்டும் அழகாகக் கடந்து போயிற்று. அதில் ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லையே. வெறுப்பைப் பரப்பும் புது ஆட்கள் அதைவிடச் சாமர்த்தியம், வார்த்தைக்குப் பதில் ஓர் எண், ஒரு முகக்குறி, ஒரு தவளைப் படம், முடிந்தது. என் பட்டியல் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்.

பெற்றோருக்கான வசதி ஒன்றும் டிஸ்கார்டில் 2023 ஜூலையில் வந்தது. பிள்ளை சம்மதித்து இணைத்தால், கடந்த ஒரு வாரத்தில் யாரை நண்பராகச் சேர்த்தான், எந்தச் சர்வரில் நுழைந்தான், யாருக்கு எழுதினான் என்று தெரியும். என்ன எழுதினான் என்று தெரியாது. பல பெற்றோருக்கு இது பாதிக் கிணறு. எனக்குப் பிடித்திருக்கிறது. வகுப்பில் யார் பக்கத்தில் யார் உட்கார்கிறார்கள் என்று பார்த்தாலே பாதி விவகாரம் தெரிந்துவிடும், நோட்டைப் பிடுங்கிப் படிக்க வேண்டியதில்லை.

பிடுங்கிப் படிப்பவர்கள் பக்கம் எனக்குப் பயம் உண்டு. வயதைச் சரிபார்க்கிறோம் என்று அரசுகள் அழுத்த, நிறுவனங்கள் அடையாள அட்டைப் படங்களைக் கேட்டு வாங்குகின்றன. 2025 அக்டோபரில் டிஸ்கார்டின் வாடிக்கையாளர் சேவையைக் கவனித்த வெளி நிறுவனம் வழியாகச் சுமார் 70,000 பேரின் அடையாள அட்டைப் படங்கள் கசிந்திருக்கலாம் என்று டிஸ்கார்டே அறிவித்தது. 2024 அக்டோபரில் ரஷ்யாவும் துருக்கியும் அடுத்தடுத்த நாட்களில் டிஸ்கார்டை மொத்தமாக முடக்கின. நேபாளத்தில் 2025 செப்டம்பரில் இளைஞர்கள் அதே டிஸ்கார்டில் கூடி விவாதித்து, இடைக்காலப் பிரதமராக சுசீலா கார்கியை முன்மொழிந்தார்கள், அவரும் பதவியேற்றார். அரசைக் கவிழ்க்கக் கூடிய பேச்சும், நாளைய பிரதமரைத் தேடும் பேச்சும் ஒரே மாதிரி அறையில்தான் நடக்கிறது. எல்லா அறைக்கும் ஒட்டுக்கேட்கும் கருவி வைக்கிற அதிகாரியால் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. கூடவே இருக்கும் ஒருவருக்குத்தான் ரயில் நிலையப் பலகை வித்தியாசமாகப் படும்.

ஆகவே மதிப்பெண். கணக்கு டீச்சர் என்பதால் விடை தப்பானாலும் ஸ்டெப்புக்கு மார்க் போடுவேன். விளையாட்டுத் தளத்தின் வேகத்துக்கு 5-க்கு 4, திரும்ப வந்ததற்கு ஒன்று கழித்திருக்கிறேன். சாட் செயலியின் பட்டனுக்கு ஒன்றரை, அதிலும் அந்த அரை, நாலு நிமிடத்தில் மடல் போட்ட மரியாதைக்கு. அரசுப் படிவத்துக்கு 1. திறக்க முடிந்ததே. என் வடிகட்டிக்கு நானே முட்டை போட்டுக்கொள்கிறேன்.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. பல செய்திகளை ஒன்றாகக் கட்டி அனுப்ப ஒரு வழி. மூன்று வாரமாகப் பார்த்ததை எழுத ஒரு பத்தி இடம். பின்னால் கேட்க ஓர் எண். படிப்பவருக்குக் கொஞ்சம் தமிழ். இன்னொன்றும் உண்டு. இந்தப் பட்டனுக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று, ஆளைத் தூக்குவது. பேசி மீட்க வேண்டிய பிள்ளை ஒருவன் இருக்கிறான், தூக்க வேண்டிய ஆள் வேறொருவன் இருக்கிறான் என்று சொல்ல அதில் தனித்தனி இடம் இல்லை. 'இவனுக்கு யாராவது உதவி பண்ணுங்க' என்று ஒரு வரி அந்தப் பட்டியலில் இருந்தால் அன்று ராத்திரி நான் யோசிக்காமல் அமுக்கியிருப்பேன்.

ஒன்பதாம் நாள் அந்த ஆளின் கணக்கு காணாமல் போயிருந்தது. என் புகாராலா, வேறு யாருடைய புகாராலா, அவரே மூடிவிட்டுப் புதுப் பெயரில் எங்காவது 'சூப்பர் தம்பி' சொல்லிக்கொண்டிருக்கிறாரா, தெரியாது. அதற்கு அடுத்த நாள்தான் அந்த ஐந்து நட்சத்திர மின்னஞ்சல்.

நடுவில் ஐந்தாம் நாள் தண்டவாளத்தோடு பேசினேன். சர்வர் விதிப்படி இன்னொரு மாடரேட்டரையும் சேர்த்துக்கொண்டு. திட்டவில்லை. அந்த 51 என்னவென்று தெரியுமா என்று கேட்டேன். 'ஸ்கோர்தான அக்கா' என்றான். அது ஸ்கோர் இல்லை, எந்த ஊர், எந்த நாள், அதில் மூன்று வயதுக் குழந்தை ஒன்றும் இருந்தது என்று எழுதினேன். பதில் வரவில்லை. சரி, வேறு மாதிரி கேட்கலாம் என்று, 'அந்தச் செருப்பு அடுக்கு யார் கட்டினது? ரொம்ப நுணுக்கமா இருந்துச்சே' என்றேன்.

'எழுதுகிறார்' என்ற மூன்று புள்ளி வந்தது, போனது, வந்தது. ரொம்ப நேரம்.

'அது மட்டும் நான் கட்டினது அக்கா. அந்த அண்ணா கேட்டாரு. எதுக்குன்னு அப்ப சொல்லல.'

நானும் ரெண்டு மூன்று முறை எழுதி எழுதி அழித்தேன். கடைசியில், 'நாளைக்கு வந்து ஸ்டேஷன்ல அந்த போர்டக் கழட்டு, நானும் கூட வரேன்' என்று மட்டும் அனுப்பினேன்.

வந்தான். கழற்றினான். பேசவில்லை. போகிற போக்கில் தண்ணீர்க் குழாய்க்குக் கீழே இருந்த பாசிக் கல் ஒன்றை எடுத்துச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டுப் போனான். ஏன் என்று நான் கேட்கவில்லை.